சைஸ்னா எந்த சைஸ் சார்?

"ஃபோட்டோ சைஸ் ஜாஸ்தியா இருக்குன்னு எடுத்துக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்."

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கிற எல்லாருக்கும் சொந்தபந்தத்தில் இருந்து வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்த ஃபோன் வந்துவிடும். நாம டெஸ்டிங்கா, டேட்டாபேஸாங்கறதெல்லாம் அவங்களுக்கு முக்கியமில்ல. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, அவ்ளோதான் :-) நம்மாளுங்களும் "ஏதாச்சும் ஒரு சைட்ல போட்டு குறைச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி ஆணி புடுங்கப் போயிடுவாங்க.

அந்த பதில் ரொம்பத் தப்பான பதில் என்பது என் கட்சி. ஏன் என்று கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், இந்தப் பிரச்சினை ஏன் வருகிறது, எப்படித் தீர்ப்பது என்று பார்த்துவிடலாம். ஃபோட்டோஷாப்பில் புகுந்து விளையாடுகிறவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்கு ஓடிவிடலாம்.

மூணு சைஸ், ஒரே பேரு

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் 'சைஸ்' என்கிற அந்த ஒரு வார்த்தைதான். படத்தைப் பொறுத்தவரை அதற்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. கோலத்தை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

முதலாவது, புள்ளிகளின் எண்ணிக்கை. அதாவது பிக்சல். 4000க்கு 3000 என்றால் அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி, மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளி. 12 மெகாபிக்சல் கேமரா என்பது இதைத்தான்.

இரண்டாவது, புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோம் என்பது. டிபிஐ, பிபிஐ என்று சொல்கிறார்களே, அது. ஏழு புள்ளிக் கோலத்தை அபார்ட்மெண்ட் வாசலில் நெருக்கி வைத்தாலும் சரி, கிராமத்து வீட்டு வாசலில் பரத்தி வைத்தாலும் சரி, அது ஏழு புள்ளிக் கோலம்தான். 1800க்கு 1200 பிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 6க்கு 4 அங்குலம் வரும். 150 என்று அச்சடித்தால் 12க்கு 8 வரும். கோப்பு அதே கோப்புதான். இந்த எண் கோப்புக்குள்ளே ஒரு குறிப்பாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அச்சுக்குப் போகாத படத்தில் அதற்கு வேலையே கிடையாது.

மூன்றாவது, கோலமாவு எவ்வளவு செலவாச்சு என்பது. கேபி, எம்பி எல்லாம் இதுதான். ஒரே ஏழு புள்ளியில் சாதாரணக் கோலமும் போடலாம், இழை இழையாகச் சிக்குக் கோலமும் போடலாம். இரண்டுக்கும் ஆகிற மாவு வேறு வேறு. 1992ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் இப்படித்தான் வேலை செய்கிறது. படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதி வைக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிறவர் படம் கொஞ்சம் கேபியில் முடிந்துவிடும். வேப்பமரம் முன்னால் நின்றால் ஒவ்வொரு இலைக்கும் மாவு செலவாகும். ராத்திரி வெளிச்சத்தில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகக் குருணை அடித்திருக்குமே, அந்தக் குருணைக்கும் சேர்த்து மாவு.

ஆகவே பிக்சல் ஒன்றாக இருக்கும் இரண்டு படங்கள் கேபியில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "அவளுக்கு 40 கேபி வந்துச்சு, அதே மாதிரி பண்ணினேன், எனக்கு 70 வருது" என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

மென்பொருள் செய்யும் குசும்பு

இப்போ ஃபோட்டோஷாப்பில் 'இமேஜ் சைஸ்' பெட்டியைத் திறந்து பாருங்க. 12 மெகாபிக்சல் படத்துக்கு மேலே 34.3எம் என்று காட்டும். கோப்பு ஃபோல்டரில் 4 எம்பிதான் இருக்கும். எது உண்மை? இரண்டும் உண்மை. புள்ளி ஒன்றுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட்டு. 4000 x 3000 x 3. சுருக்காமல் விரித்து வைத்தால் ஆகும் இடம் அது. ஜேபெக்காகச் சுருக்கிய பிறகு எவ்வளவு ஆகும் என்பதை அந்தப் பெட்டி சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் தரம் எவ்வளவு என்று நாம் இன்னும் சொல்லவே இல்லையே.

இதில் விழுகிறவர்கள் அதிகம். விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் வேண்டும் என்று படத்தை 200க்கு 230 ஆக்குவார்கள். சரியான வேலை. ஆனால் பெட்டி 134.8கே என்று காட்டும். "ஐயோ இன்னும் குறையலையே" என்று 120க்குக் கொண்டுபோய் 50க்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். சேமித்துப் பார்த்தால் 6 கேபி! முகமும் தெரியாது, குறைந்தபட்சம் 20 கேபி வேண்டும் என்று தளமும் துப்பிவிடும். கோப்பின் எடையைச் சேமித்த பிறகு ஃபோல்டரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் விண்டோஸ் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு காட்டும். முதலாவதுதான் நமக்கு.

சரி, எப்படித் தீர்ப்பது?

1. வரிசை முக்கியம். முதலில் வெட்டு, அடுத்து பிக்சல், கடைசியாகத் தரம். 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குக் கொண்டு வரப் பார்த்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக ஆகிவிடும். அந்தக் கட்டம் மேலே சொன்ன 8க்கு 8 கட்டம்தான். பிக்சலைக் குறைத்துவிட்டால் தரத்தில் அதிகம் கை வைக்க வேண்டியிருக்காது.

2. டிபிஐயைத் தொடாதீர்கள். 'ரீசாம்பிள்' டிக் இல்லாமல் 300ஐ 72 ஆக்கினால் கோப்பில் ஒன்றும் மாறாது. டிக்கோடு மாற்றினால் 1800 பிக்சல் அகலம் 432 ஆகச் சுருங்கிவிடும். "டிபிஐ குறைச்சா சைஸ் குறையும்" என்ற வதந்தி கிளம்பியது இங்கேதான். குறைந்தது டிபிஐயால் அல்ல, பிக்சலால். ஜிம்ப்பில் இந்தக் குழப்பம் கம்மி. 'ஸ்கேல் இமேஜ்' தனி, 'பிரிண்ட் சைஸ்' தனி.

3. கோப்பு வகையைப் பாருங்கள். பிஎன்ஜி எதையும் தூக்கி எறியாது. லோகோவுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அது அருமை, முகத்துக்கு வேஸ்ட். ஜிம்ப்பில் பிஎன்ஜிக்கு வருகிற 0 முதல் 9 வரையிலான எண், படத்தின் தரம் கிடையாது. எவ்வளவு மெனக்கெட்டு மடிக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஐஃபோன்காரர்களுக்கு இன்னொன்று: 2017ல் வந்த ஐஓஎஸ் 11ல் இருந்து அந்த ஃபோன்கள் ஹெச்இஐசி என்கிற வகையில் சேமிக்கின்றன. பேரை மட்டும் '.ஜேபிஜி' என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. புலித்தோல் போர்த்தினால் பசு புலியாகுமா என்ன?

4. தர எண்ணை மென்பொருள் விட்டு மென்பொருள் ஒப்பிடாதீர்கள். ஃபோட்டோஷாப்பின் 'சேவ் ஆஸ்' 0 முதல் 12 வரை பேசும். ஜிம்ப் 0 முதல் 100 வரை பேசும். இங்கே 80 என்பது அங்கே 80 ஆகாது. ஜிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தைக் காட்டச் சொல்லி டிக் அடித்தால், தரக் கம்பியை நகர்த்த நகர்த்த கோப்பு எத்தனை கேபி என்று அங்கேயே தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த வசதி.

5. லைட்ரூம் கிளாசிக்கில் 'லிமிட் ஃபைல் சைஸ் டு' என்று ஒரு கட்டம் உண்டு. அது தரத்தை மட்டும்தான் குறைக்கும், பிக்சலைத் தொடாது. பிக்சல் அதிகமாக இருந்து, கேட்ட எடைக்குள் அடக்க முடியவில்லை என்றால் அந்தப் படத்தை ஏற்றுமதியே செய்யாது. மேலே 'ரீசைஸ் டு ஃபிட்' கொடுத்துவிட்டு இதைக் கொடுங்கள். கூடவே 'டோன்ட் என்லார்ஜ்' டிக்கையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சின்னப் படத்தைப் பெரிதாக ஊதி, எடையையும் ஏற்றிவிடும். ஃபோட்டோஷாப்பில் இதே வேலைக்கு 1999லேயே வந்த 'சேவ் ஃபார் வெப்' இருக்கிறது. அதன் குட்டி மெனுவில் 'ஆப்டிமைஸ் டு ஃபைல் சைஸ்' என்று தேடுங்கள்.

6. திருத்தியதைத் திருத்தாதீர்கள். ஜேபெக்கை மறுபடி மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். சரியாக வரவில்லையா, மூலப் படத்தில் இருந்து மறுபடி ஆரம்பியுங்கள். வாட்ஸப்பில் வந்த படம் மூலம் கிடையாது. அது வழியிலேயே சுருக்கியிருக்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

7. இலக்கு 50 என்றால் 45ல் நிறுத்துங்கள். ஒரு கேபிக்கு 1000 பைட்டா 1024 பைட்டா என்று தளத்துக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் கருத்து வேறுபாடு வரலாம். அந்தச் சண்டையில் நாம் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?

550க்குக் கீழே இறங்காத படம்

எட்டாவதாக ஒன்று. இதற்கு மட்டும் ஒரு கதை உண்டு.

சித்தி பொண்ணு ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் ஃபோன். "அண்ணா, ஸ்டூடியோக்காரர் மூணு தடவ சின்னதாக்கி அனுப்பிட்டாரு. 590 வந்துச்சு, அப்புறம் 575, இப்போ 565. படம் தபால் தலை மாதிரி ஆயிடுச்சு, கேபி மட்டும் குறையவே மாட்டேங்குதுண்ணா." அந்த ஸ்டூடியோவிலேயே கல்யாணப் பத்திரிகை வேலையும் பார்க்கிறார்கள் என்று அவள் சொன்னதும்தான் பொறி தட்டியது.

அச்சுக்கு அனுப்பும் படங்களை சிஎம்ஒய்கே என்ற நான்கு வண்ண முறையில் வைப்பார்கள். அந்த மை, அந்தக் காகிதத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லும் வண்ண விவரக் கோப்பு ஒன்றும் படத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும். ஃபோட்டோஷாப்போடு வருகிற 'யூஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப்' என்ற விவரக் கோப்பு மட்டுமே 557,168 பைட்டு. அதாவது சுமார் 544 கேபி. படத்தைக் கடுகளவு ஆக்கினாலும் அந்த 544 அப்படியே நிற்கும். கல்யாணத்துக்குப் போகிறவர் இளைத்தாலும் கையில் இருக்கிற சீர்வரிசை இளைக்காது இல்லையா, அந்த மாதிரி. ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமிக்கச் சொன்னேன். 38 கேபி. ஐந்து நிமிஷ வேலை.

இந்த ஒட்டுண்ணிகள் வேறு வடிவத்திலும் வரும். கேமரா விவரம், உள்ளே ஒளித்து வைத்த குட்டி முன்னோட்டப் படம், திருத்திய வரலாறு என்று ஃபோட்டோஷாப் சேர்க்கும் குறிப்புகளே பத்து இருபது கேபி ஆகலாம். 5 எம்பி படத்தில் அது தூசி. 50 கேபி வரம்பில் அது யானை. படம் சின்னதாகியும் எடை இறங்கவில்லை என்றால் உள்ளே படம் அல்லாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இனி என் புலம்பல்

மேலே இருக்கிற எட்டையும் ஒரு பொண்ணு, வங்கியில் குமாஸ்தாவாகச் சேர ஆசைப்படுகிறவள், எதற்காகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

ஐபிபிஎஸ் தேர்வு அறிவிப்புகளின் பின்னிணைப்பைப் பார்த்திருப்பீர்கள். புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. பிக்சல் கணக்கு 'விரும்பத்தக்கது' என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனாலும் அந்தக் கையெழுத்துக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன். 140 x 60 x 3 = 25,200 பைட்டு. சுருக்கவே சுருக்காமல் விரித்து வைத்தாலே 25 கேபி கூட வராது. வெள்ளைத் தாளில் நாலு கோடு, ஜேபெக்குக்கு அல்வா மாதிரி. சாதாரணத் தரத்தில் இரண்டு மூன்று கேபியில் முடிந்துவிடும். அதை 10 கேபி ஆக்க வேண்டுமென்றால் தரத்தைத் தேவையில்லாமல் உச்சிக்கு ஏற்ற வேண்டும், அல்லது பிக்சலைக் கூட்ட வேண்டும். சொன்னபடி அளவு வைத்தவர் எடையில் மாட்டுவார், எடையைச் சரி செய்தவர் அளவை மீறுவார்.

உச்ச வரம்புக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 10 லட்சம் பேர், ஆளுக்கு 50 கேபி என்றால் 50 ஜிபி. டயலப்பில் இழுத்துக்கொண்டிருந்த நாளில் அது பெரிய விஷயம். இன்றைக்கு ஃபோனில் போடுகிற மெமரி கார்டில் அது அடங்கும். குறைந்தபட்ச வரம்புக்கும் ஒரு எண்ணம் இருக்கும்: எடை இருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்று. ஆனால் மங்கலான படத்தையே தரம் 100ல் சேமித்தால் எடை ஏறிவிடுமே. தராசை வைத்துக்கொண்டு அழகைப் பார்க்க முடியுமா?

"சரிப்பா, 5 எம்பி படத்தை எல்லாரும் ஏத்தினா சர்வர் தாங்குமா?" என்று கேட்பீர்கள். ஏற்றவே வேண்டாம். உலாவியிலேயே படத்தைத் திறந்து, முகத்துக்கு ஒரு சட்டம் காட்டி, வெட்டி, சுருக்கி, 40 கேபியாக அனுப்ப முடியும். சர்வர் பக்கம் செய்ய வேண்டும் என்றால் 1990ல் இருந்து இமேஜ்மேஜிக் இருக்கிறது, இலவசமாக. 'இந்த அகலம், இந்த உயரம், இத்தனை கேபிக்குள்' என்று ஒரே வரிக் கட்டளை. நம்மில் யாரிடம் கொடுத்தாலும் அரை நாள் வேலை. சோதனை எல்லாம் சேர்த்து இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நாளை நாம் மிச்சம் பிடித்துவிட்டு, லட்சக்கணக்கான பேருக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் தண்டனை கொடுக்கிறோம்.

மணி நேரம் மட்டும் போனால் பரவாயில்லை. இங்கேதான் அந்தத் தப்பான பதிலுக்கு வருகிறேன். "ஏதாச்சும் ஒரு சைட்ல போட்டு குறைச்சுக்கோ" என்று சொல்கிறோமே, அந்தப் பிள்ளைகள் அங்கே எதை ஏற்றுகிறார்கள்? தன் முகத்தையும் தன் கையெழுத்தையும். அடுத்தடுத்து, ஒரே இடத்தில். யார் நடத்துகிறார்கள், எந்த நாட்டில் இருக்கிறது, ஏற்றிய கோப்பை எப்போது அழிக்கிறார்கள், ஒன்றும் தெரியாத தளம். வீட்டுக்கு வந்த முன்பின் தெரியாத ஆளிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போமா? மாட்டோம். ஒரு 20 கேபி விதிக்காக நம்ம ஊர் இளவட்டம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது, நாமும் அதைச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறோம். ஜிம்ப் இலவசம். நெட் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அடுத்த தடவை ஃபோன் வந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லை நீங்களே செய்து கொடுங்கள்.

படிவத்தை மாற்றியெழுத மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றால் பிழைச் செய்தியையாவது மாற்றலாம். 'இன்வேலிட் இமேஜ்' என்று சிவப்பில் ஒரு வரி. அதை எழுதுவது நம்ம ஆளுங்கதான், வேற யாரு? கோப்பு எத்தனை கேபி, எத்தனை பிக்சல், என்ன வகை என்று அந்த நிமிஷத்தில் நிரலுக்கு எல்லாமே தெரியும். "உங்கள் படம் 68 கேபி, 50க்குள் வேண்டும். பிக்சல் சரியாக இருக்கிறது, தரத்தை மட்டும் குறையுங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பதை எங்க ஊரில் வேற பேரில் சொல்லுவாங்க :-)

கடைசியாக, தமிழில் மென்பொருளும் படிவமும் ஆக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். நாமும் மூன்றையும் 'அளவு' என்று எழுதி அதே குழியில் விழ வேண்டுமா? பிக்சலுக்குப் 'புள்ளிகள்', டிபிஐக்குப் 'புள்ளி நெருக்கம்', கேபிக்குக் 'கோப்பு எடை' என்று வைத்தால் என்ன? "கோப்பு எடை 50 கேபிக்குள் இருக்க வேண்டும்" என்று ஒரு படிவத்தில் இருந்தால் யாராவது அங்குலத்தை மாற்றப் போவார்களா? இதைவிட நல்ல வார்த்தை தோன்றினால் சொல்லுங்க, சண்டை போட்டு முடிவு பண்ணலாம்.

பி.கு.: தலைப்பில் இருக்கிற கேள்வியை அடுத்த ரெக்வயர்மெண்ட் மீட்டிங்கில், யாராவது "ஃபோட்டோ சைஸ் மேக்ஸ் 50" என்று சொல்லும்போது, தயவுசெய்து எழுந்து கேளுங்கள். முறைப்பாங்க. பரவாயில்ல.